‘செல்ஃப் ஃபால்’னு எழுதி முடிச்சிடாதீங்க, டயரைப் பாருங்க

நீளமான இழை இது. சைக்கிள் ஓட்டுறவங்க, பிள்ளைக்கு சைக்கிள் வாங்கிக் கொடுத்திருக்கிற அப்பா அம்மா, கேஷுவாலிட்டில டியூட்டி பாக்குற தம்பி தங்கச்சிங்க, மூணு தரப்புக்கும் சேர்த்துத்தான் எழுதுறேன். கொஞ்சம் கோபமாவே இருக்கும். பொறுத்துக்கங்க.

ஆஸ்பத்திரில ஒரு வார்த்தை இருக்கு. ‘செல்ஃப் ஃபால்’. தானா விழுந்துட்டார்னு அர்த்தம். லாரி இடிச்சு ஒருத்தர் வந்தா விபத்துப் பதிவேட்டுல வண்டி நம்பர் வரும், டிரைவர் வருவார், போலீஸ் வரும், இன்சூரன்ஸ் வரும். சைக்கிள்ல தனியா விழுந்து வந்தா ரெண்டே வார்த்தைல கதை முடிஞ்சுது. ஏன் விழுந்தார்? குழியா, நாய் குறுக்க வந்துச்சா, பிரேக் புடிக்கலையா, முன் டயர் வெடிச்சுதா? யாரும் கேக்கறதில்ல. கேட்டாலும் எழுதறதில்ல. எழுதாத ஒண்ணை யாரும் எண்ண முடியாது. எண்ணாத ஒண்ணுக்கு எந்த அரசாங்கமும் விதி போடாது. இப்படித்தான் சைக்கிள் டயர்ங்கிற ஒரு பாதுகாப்புப் பொருள் நம்ம கண்ணுல இருந்தே மறைஞ்சு போச்சு.

என் கட்சியை முதல்லயே சொல்லிடுறேன். டயர் வெடிக்கிறது விபத்து. ஆணி, கண்ணாடி, குழி, கல், எல்லாத்தையும் தடுக்க முடியாது. ஆனா வெடிச்ச டயர் ரிம்மை விட்டுக் கழண்டு வர்றது விபத்து இல்ல. அது தயாரிப்புக் குறை, இல்லன்னா பொருத்தினவர் குறை. இந்த ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பி, கடைசில பழியை ஓட்டினவர் தலைல கட்டிட்டு இருக்கோம்.

கார்ல என்ன விதின்னு பாருங்க. அமெரிக்காவோட வாகனப் பாதுகாப்புத் தரம் 110-ல ஒரு வரி இருக்கு. நேரா மணிக்கு 97 கிலோமீட்டர் வேகத்துல போறப்போ டயர்ல காத்து திடீர்னு போயிட்டா, கட்டுப்பாட்டோட பிரேக் போட்டு வண்டி நிக்கிற வரைக்கும் அந்தக் காத்து இல்லாத டயரை ரிம் புடிச்சு வெச்சிருக்கணும். நல்லா கவனிங்க. டயர் வெடிக்கக் கூடாதுன்னு கேக்கல. வெடிச்சாலும் ரிம்லயே இருக்கணும்னு கேக்குது. நாலு சக்கரம், சீட் பெல்ட், சுத்தி இரும்புக் கூடு, ஏர்பேக் எல்லாம் இருக்குற வண்டிக்கு இந்த விதி.

அதே நாட்டுல சைக்கிளுக்கு என்ன விதி? நுகர்வோர் பாதுகாப்பு விதி 1512-ல டயர் பத்தி ஒரு பிரிவு இருக்கு. காத்தழுத்தம் எவ்வளவுன்னு டயர் பக்கவாட்டுல அச்சா இருக்கணும். அந்த அழுத்தத்துல 110 சதவீதம் அடிச்சு, பக்கவாட்டுல 2000 நியூட்டன் விசை குடுத்தாலும் டயர் ரிம்ல நிக்கணும். நல்ல சோதனைதான், குறை சொல்லல. ஆனா அது முழுக்காத்து இருக்குற டயருக்கான சோதனை. காத்து போன டயர் என்ன ஆகும்? அந்தப் பிரிவுல அதைப் பத்தி ஒரு வார்த்தை கிடையாது. ரிம்ல பசை போட்டு ஒட்டுற ட்யூபுலர் டயருக்கு அந்தப் பிரிவுல இருந்தே விலக்கு. ரெண்டு சக்கரத்துல, பெல்ட் இல்லாம, இரும்புக் கூடு இல்லாம, தலைல ஒரு தெர்மோகோல் தொப்பியோட போறவனுக்கு இவ்வளவுதான்.

முன் டயர் வெடிச்சா என்ன நடக்குதுன்னு புரிஞ்சாத்தான் இதுல ஏன் இவ்வளவு கோபம்னு புரியும். சாதாரண டியூப் வெச்ச டயரோட ரெண்டு ஓரத்துலயும் ஒரு கம்பி வளையம் ஓடுது. விலை கூடின டயர்ல கம்பிக்குப் பதிலா மடிக்கக்கூடிய இழை. இந்த வளையம் ரிம்மோட உள் விளிம்புல உக்காந்திருக்கு. அதை அங்க அழுத்திப் புடிச்சு வெச்சிருக்கிறது உள்ள இருக்குற காத்துதான். ரிம்முக்கு நடுவுல ஒரு பள்ளம் இருக்கும். டயர் மாட்டுறப்போ கடைக்காரர் ஒரு பக்கத்தை அந்தப் பள்ளத்துல இறக்கி, எதிர்ப்பக்கத்தை விளிம்புக்கு மேல ஏத்துவார் பாருங்க, அதுக்காகத்தான் அந்தப் பள்ளம். இப்போ அதே விஷயத்தை 40 கிலோமீட்டர் வேகத்துல யோசிங்க. காத்து போன நொடில ஓரக்கம்பி பள்ளத்துல விழுது, எதிர்ப்பக்கம் தளருது, டயர் விளிம்பைத் தாண்டி வெளிய வருது. கடைல மாட்டினது அப்படியே தலைகீழா, ரோட்டுல, உங்க எடை மேல இருக்குறப்பவே நடக்குது.

வெளிய வந்த டயர் ரெண்டு வேலை செய்யும். ஒண்ணு, வெறும் அலுமினிய ரிம் தார் ரோட்டுல ஓட ஆரம்பிக்கும். அதுக்குப் புடிப்பே கிடையாது, கொஞ்சம் திருப்பினாலும் வழுக்கிடும். ரெண்டாவது இன்னும் மோசம். கழண்ட டயர் ஃபோர்க்குக்கு நடுவுல போய்ச் சிக்கும், சக்கரம் அப்படியே நின்னுடும். சக்கரம் நிக்கும், நீங்க நிக்க மாட்டீங்க. ஹேண்டில்பாரைத் தாண்டித் தலைகீழாப் போவீங்க. பின் டயர் வெடிச்சா வால் ஆடும், பெரும்பாலும் சமாளிச்சுடலாம். முன் டயர் கழண்டா சமாளிக்கிறதுக்கு நேரமே கிடைக்காது.

டாக்டர் ஏன் டயர் பத்திப் பேசுறார்னு கேக்குறவங்களுக்கு: காத்தடிச்ச டயரைக் கண்டுபிடிச்சு 1888-ல காப்புரிமை வாங்கின ஜான் பாய்ட் டன்லப் ஒரு கால்நடை மருத்துவர். பெல்ஃபாஸ்ட்ல தொழில் பண்ணினவர். அதனால மருத்துவத் துறைக்கு இதுல ஒரு பூர்வீக உரிமை உண்டு.

இன்னொரு காரணமும் இருக்கு. டயர் வெடிக்கிற கணக்கும் ரத்தக்குழாய் வெடிக்கிற கணக்கும் ஒண்ணுதான். லாப்லாஸ் விதி. முதல் வருஷ பிசியாலஜில படிச்சிருப்பீங்க. சுவர்ல இருக்குற இழுவிசை, உள்ளே இருக்குற அழுத்தத்தையும் குழாயோட ஆரத்தையும் பெருக்கின அளவு. மகாதமனில ஒரு இடம் பலவீனமாகிப் புடைச்சா, அங்க ஆரம் கூடுது. ஆரம் கூடினதால இழுவிசை கூடுது. இழுவிசை கூடினதால இன்னும் புடைக்குது. ஒரு கட்டத்துல கிழியுது. இதுக்குப் பேர் அனியூரிசம். உங்க டயர் பக்கவாட்டுல கோலிக்குண்டு மாதிரி ஒரு புடைப்பு தெரியுதே, அதுவும் அனியூரிசம்தான். ‘இன்னும் ஒரு மாசம் ஓடும் சார்’னு யாராவது சொன்னா நம்பாதீங்க. எப்போ வெடிக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது. உள்ள பழைய டயர் துண்டை வெச்சு ஓட்டுறது வீடு வந்து சேர்றதுக்கான ஏற்பாடு. அதோட அடுத்த வருஷம் வரைக்கும் ஓட்டக் கூடாது.

இதே கணக்குதான் அகலமான டயருக்குக் குறைஞ்ச காத்து ஏன்னு சொல்லுது. அகலம் கூடினா ஆரம் கூடுது, அதே அழுத்தத்துல சுவர் மேல இழுவிசை கூடுது. 25 மில்லிமீட்டர் டயருக்கு அடிக்கிற காத்தை 40 மில்லிமீட்டர் டயருக்கு அடிச்சா அது வீரம் இல்ல.

சரி, டயர் வகைகளுக்கு வருவோம். கடைல உங்ககிட்ட சொல்றதுக்கும் நிஜத்துக்கும் இருக்குற தூரம் இங்கதான் தெரியும்.

பழைய பந்தய சைக்கிள்கள்ல ட்யூபுலர். டியூபை உள்ள வெச்சு டயரைச் சுத்தித் தைச்சு, மொத்தமா ரிம்ல பசை போட்டு ஒட்டிடுவாங்க. ஒழுங்கா ஒட்டியிருந்தா காத்து போனாலும் டயர் ரிம்லயே இருக்கும், மெதுவா ஓட்டி நிறுத்தலாம். தொழில்முறை வீரர்கள் இதைக் கடைசி வரைக்கும் விடாம வெச்சிருந்ததுக்கு இது ஒரு பெரிய காரணம். (1951 டூர் டி ஃபிரான்ஸ்ல மஞ்சள் ஜெர்சில இருந்த விம் வான் எஸ்ட், ஒபிஸ்க் மலை இறக்கத்துல சுமார் 70 மீட்டர் பள்ளத்துல விழுந்தார். அணியோட ட்யூபுலர் டயர்களை ஒண்ணோட ஒண்ணு முடிச்சுப் போட்டுக் கயிறாக்கித்தான் அவரை மேல இழுத்தாங்க. இழுத்ததுல டயரெல்லாம் நீண்டு போய் ரிம்ல மாட்ட முடியாம, அணியே போட்டில இருந்து விலகிடுச்சு. ஒரு டயர் ஆள் உயிரைக் காப்பாத்தினதுக்கு இதைவிட நேரடியான உதாரணம் எனக்குத் தெரியல.)

ஆனா பசையை நம்பின பிழைப்பு. 2003 ஜூலை 14, டூர் டி ஃபிரான்ஸ் ஒன்பதாவது நாள், காப் நகரத்துக்குள்ள இறங்குற மலைப்பாதை. கடும் வெயில், தார் உருகிக் கிடக்குது. ஸ்பெயின் வீரர் ஹொசேபா பெலோகி முன்னாடி இறங்குறார். பிரேக் போட்டதும் பின் சக்கரம் பூட்டிக்குது, டயர் ரிம்மை விட்டுப் பிரியுது. ஆள் ரோட்டுல. தொடை எலும்பு, முழங்கை, மணிக்கட்டு, மூணும் உடைஞ்சுது. பின்னாடி வந்த ஆம்ஸ்ட்ராங் விழாம வயலுக்குள்ள விட்டுக் குறுக்க ஓட்டி, அந்தப் பக்கம் ரோட்டுல ஏறினார். உலகம் இன்னிக்கு வரைக்கும் அந்த வயல் காட்சியைத்தான் திரும்பத் திரும்பப் பாக்குது. அதுக்கு முந்தின மூணு வருஷமும் முதல் மூணு இடத்துக்குள்ள வந்த பெலோகி, அதுக்கப்புறம் பழைய பெலோகியா திரும்பவே இல்ல. தொடை எலும்பு முறிவுன்னா என்னன்னு எலும்பு வார்டுல ஒரு வாரம் நின்னவங்களுக்குத் தெரியும்.

அடுத்து டியூப்லெஸ். ‘சார், இது டியூப்லெஸ், வெடிக்காது.’ கடைல இந்த வசனத்தைக் கேக்காதவங்க இருக்க மாட்டீங்க. பாதி உண்மை. உள்ள ஊத்துற பால் மாதிரியான திரவம் சின்ன ஓட்டையை அடைக்கும். முள்ளு, கண்ணாடிச் சில்லுக்கு அருமையான மருந்து. பக்கவாட்டுல ஒரு இன்ச் கிழிஞ்சா அது ஒண்ணும் பண்ணாது. அந்தத் திரவம் சில மாசத்துல காய்ஞ்சும் போயிடும், நம்ம ஊர் வெயிலுக்குக் கேக்கவே வேணாம். டியூப்லெஸ்ஸோட நிஜமான நன்மை வேற, அதை யாரும் சொல்லி விக்கிறதில்ல: ஓரம் ரிம்ல இறுக்கமா, ஒரு சின்ன மேட்டைத் தாண்டி உக்காருது. அதனால காத்து போனாலும் அவ்வளவு சுலபமா நடுப்பள்ளத்துல விழாது. நான் இந்த இழைல கேக்குற குணம் இதுதான். நல்ல ரிம், அதுக்குப் பொருந்துற டயர், ரெண்டும் சேர்ந்தா இன்னிக்குக் கிடைக்கிறதுல இது நல்ல ஏற்பாடு.

இந்த நல்ல ஏற்பாட்டையும் கெடுக்க ஒரு வழி கண்டுபிடிச்சாங்க. ரிம்மோட உள் விளிம்புல, டயர் ஓரத்தைப் புடிச்சுக்க ஒரு சின்னக் கொக்கி மாதிரி மடிப்பு இருக்கும். கார்பன் ரிம்ல அந்த மடிப்பை வார்க்கிறது செலவு, வேலை. அதை எடுத்துட்டா வார்க்கிறது சுலபம், எடையும் குறையும். அதனால எடுத்துட்டு ‘ஹூக்லெஸ்’னு பேர் வெச்சாங்க. ஜிப், ஜயண்ட் கம்பெனியோட கேடெக்ஸ் எல்லாம் இதைத்தான் விக்குது. நிபந்தனை என்ன? ரோடு சைக்கிள்ல 5 பாருக்கு மேல காத்தடிக்கக் கூடாது, அதாவது 72.5 பி.எஸ்.ஐ. பொருந்தும்னு சொல்லப்பட்ட டயரை மட்டும்தான் போடணும். நம்ம ஊர்ல பம்பு கடன் வாங்கி, முள்ளு காட்டுற நம்பரை நம்பாம கட்டைவிரலால அழுத்திப் பாத்து, ‘இன்னும் ரெண்டு அடி அடிங்கண்ணே’ன்னு சொல்ற ஆளுகிட்ட இந்த நிபந்தனையோட ஒரு சக்கரத்தைக் குடுக்குறாங்க.

2024 பிப்ரவரில ஐக்கிய அரபு அமீரகப் பந்தயத்தோட ஐந்தாவது நாள், பெல்ஜிய வீரர் தாமஸ் டி கெண்ட் ஓட்டின ஹூக்லெஸ் சக்கரத்துல இருந்து முன் டயர் கழண்டு வந்துச்சு. ஆள் விழுந்தார், பெரிய காயம் இல்லாம தப்பிச்சார். கம்பெனிகள் தரப்புல சொன்னது, கல்லுல மோதினதுதான் காரணம். சரி, கல்லுல மோதினதாவே இருக்கட்டும். ரோட்டுல கல்லு இருக்கும்ங்கிறது புதுக் கண்டுபிடிப்பா? வீரர்கள் சங்கத் தலைவர் ஆடம் ஹான்சன் வெளிப்படையா ஹூக்லெஸ்ஸை எதிர்த்தார். எதுலயாவது மோதுறப்போ உள்ளழுத்தம் ஒரு கணம் எகிறும், எல்லைக்கு ஒட்டி ஓடுற சக்கரத்துல அது போதும்ங்கிறது அவர் வாதம். அதுக்கப்புறம் நடந்த விவாதத்துல ஒரு பெரும்பகுதி, 25 மில்லிமீட்டர் உள்ளகல ரிம்முக்கு 28 மில்லிமீட்டர் டயர் போடலாமா, 29 போடணுமாங்கிறது பத்தி. ஒரே ஒரு மில்லிமீட்டர்! உலகத்துலயே தேர்ந்த மெக்கானிக்குகள் இருக்குற அணில ஒரு மில்லிமீட்டர் தகராறு வருதுன்னா, உங்க தெரு சைக்கிள் கடைல என்ன ஆகும்?

‘கார் ரிம்லயும் கொக்கி கிடையாதே டாக்டர்’னு கேப்பாங்க. ஆமா, கிடையாது. கார்ல 30, 35 பி.எஸ்.ஐ. ஓரம் தடியா, விறைப்பா இருக்கும், ரிம்ல தடுப்பு மேடு இருக்கும், மேல சொன்ன சட்டமும் இருக்கு. காரோட வடிவத்தை மட்டும் எடுத்துக்கிட்டு, காரோட சட்டத்தை விட்டுட்டு வந்தா எப்படி?

இதெல்லாம் லட்ச ரூபா சைக்கிள் சமாசாரம், நமக்கு எதுக்குன்னு நினைக்காதீங்க. நம்ம ஊர் சாதாரண சைக்கிள்லயே இதே பிரச்சினை வேற வேஷத்துல இருக்கு. அளவு. ‘28 இன்ச்’னு ரெண்டு டயர் இருக்கு. அப்பா காலத்து உயரமான கறுப்பு சைக்கிளோட 28 × 1½, அது ரிம்ல உக்கார்ற விட்டம் 635 மில்லிமீட்டர். இப்போ வர்ற ரோடு சைக்கிள், ஹைபிரிட் சைக்கிள்களோட 700சி, இதையும் சிலர் 28-னுதான் சொல்றாங்க, அது 622. பதிமூணு மில்லிமீட்டர் வித்தியாசம். 26 இன்ச் இன்னும் கூத்து. மவுண்டன் பைக்குக்கு 559, 26 × 1⅜-க்கு 590. பேர் ஒண்ணு, பொருள் வேற. பெரிய டயரைச் சின்ன ரிம்ல மாட்டினா ரொம்ப லகுவா மாட்டும், காத்தடிச்சாலும் ஒரு மாதிரி நிக்கிற மாதிரியே தெரியும். முதல் குழில தெரியும். அதனால டயர் வாங்குறப்போ இன்ச்சைக் கேக்காதீங்க. பக்கவாட்டுல 37-622, 40-635 மாதிரி ரெண்டு எண் அச்சாகியிருக்கும். ரெண்டாவது எண் உங்க பழைய டயர்ல என்னவோ, புதுசுலயும் அதேதான் இருக்கணும். கடைக்காரர் ‘எல்லாம் ஒண்ணுதான்’னா வேற கடைக்குப் போங்க.

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசாங்கம் குடுக்குற விலையில்லா சைக்கிள் எத்தனை வீட்டுல பள்ளிக்கூடம் முடிஞ்ச பிறகும் ஓடிக்கிட்டிருக்கு! கேரியர்ல தங்கச்சி, ஹேண்டில்ல ரெண்டு பை. டயர்ல நூல் தெரிய ஆரம்பிச்ச பிறகும் மாத்துறதில்ல. வசதி இல்லாம மாத்தாதவங்களை நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனா பிள்ளைக்கு ஃபோன் கவர் மாத்திக் குடுக்குற வீட்டுல முன் டயர் மாத்தாம இருக்குறதுக்கு என்ன பேர்? ஒரு டயர்தான் வாங்க முடியும்னா புதுசை முன்னாடி போடுங்க. பின்னாடிதான் சீக்கிரம் தேயும்னு புதுசைப் பின்னாடி போடுறது கணக்குக்குச் சரி, உயிருக்குத் தப்பு.

பெட்ரோல் பங்க் காத்து பத்தி ஒரு வார்த்தை. கார் டயருக்குள்ள போற காத்துல பத்துல ஒரு பங்குகூட சைக்கிள் டயருக்குள்ள போகாது. அந்தக் குழாயை வெச்சு அழுத்தினா சில நொடில அழுத்தம் எங்கயோ போயிடும். கைப்பம்புல வெடிக்கிற அளவுக்கு அடிக்கிறது கஷ்டம், அதுவே ஒரு பாதுகாப்பு. வால்டியூப் போட்ட பழைய வால்வுல அழுத்தத்தை ஒழுங்கா அளக்கவும் முடியாது. அடுத்த தடவை டியூப் மாத்துறப்போ, மோட்டார் பைக் மாதிரி வால்வு இருக்குற டியூபாக் கேட்டு வாங்குங்க. அளவுமானி வெச்சுப் பாக்கலாம்.

‘வெயில்ல நிறுத்தினேன், வெடிச்சிருச்சு.’ இதுவும் நம்ம ஊர் நம்பிக்கை. கணக்குப் போடுவோம். 60 பி.எஸ்.ஐ. காத்து, 30 டிகிரில அடிச்சது. வெயில்ல டயர் 60 டிகிரிக்குப் போகுதுன்னு வெச்சுக்கங்க. உள்ளழுத்தம் ஏறுறது சுமார் 7 பி.எஸ்.ஐ. அவ்வளவுதான். ஏழு பி.எஸ்.ஐ-க்கு ஒரு டயர் வெடிச்சா, அது ஏற்கெனவே சாகக் கிடந்த டயர், இல்ல டியூப் ஓரத்துல மாட்டிக்கிட்டு இருந்துச்சு, இல்ல காத்து அளவுக்கு மீறி இருந்துச்சு. வெயிலைத் திட்டாதீங்க, அது உங்களுக்கு முன்கூட்டியே எச்சரிக்கை குடுத்திருக்கு. மலை இறக்கம் வேற கதை. கொல்லிமலை 70 கொண்டை ஊசி வளைவுலயும் ரிம்மைப் புடிக்கிற பிரேக்கை அழுத்திக்கிட்டே இறங்கினா ரிம் கொதிக்கும். அந்தச் சூடு நேரா டியூபுக்குப் போகும். விட்டு விட்டுப் புடிங்க, நடுவுல நிறுத்தி ரிம்மை ஆறவிடுங்க. டிஸ்க் பிரேக்ல இந்தத் தலைவலி கிடையாது.

பஞ்சரே ஆகாத கெட்டி ரப்பர் டயர் போட்டா என்னன்னு கேட்டா: மெதுவா, பக்கத்துல போறதுக்குச் சரி. அதிர்வு கை முட்டிக்கு வரும், ஈரத்துல புடிப்பு குறைவு, அளவு தப்புன்னா அதுவும் கழளும்.

‘எங்க தாத்தா அம்பது வருஷம் ஓட்டினார், ஒண்ணும் ஆகல.’ தாத்தா 15 கிலோமீட்டர் வேகத்துல, 40 மில்லிமீட்டர் டயர்ல போனார். நீங்க ஈ.சி.ஆர்ல 45-ல, விரல் தடிமன் டயர்ல போறீங்க. வேகம் மூணு மடங்குன்னா விழுற ஆற்றல் ஒம்பது மடங்கு. தாத்தாவை இதுல இழுக்காதீங்க.

இப்போ என் துறைக்கு வர்றேன். டயர் கழண்டு முன்பக்கமா விழுறவங்ககிட்ட பாக்குறது ஒரு சில காயங்கள்தான், ஆனா அதுல தவறவிடுற காயங்கள் இருக்கு. தோள்ல விழுந்தா காறை எலும்பு. அது கண்ணுக்கே தெரியும், யாரும் விடமாட்டாங்க. கையை ஊனி விழுந்தா மணிக்கட்டு. அங்க ஸ்கேஃபாய்டுன்னு ஒரு சின்ன எலும்பு இருக்கு. கட்டைவிரலை நிமிர்த்தினா அதோட அடில ஒரு குழி விழும், அங்க அழுத்தினா வலிச்சா, முதல் எக்ஸ்ரேல ஒண்ணும் தெரியலைன்னாலும் கட்டுப் போட்டு 10-லேர்ந்து 14 நாள்ல திரும்ப எடுக்கணும். ‘சுளுக்கு’ன்னு எண்ணெய் தேய்ச்சு விட்டா அந்த எலும்பு ரத்த ஓட்டம் இல்லாமச் செத்துப் போகும்.

பிள்ளைகள்ல நான் ரொம்பப் பயப்படுறது ஹேண்டில்பார் முனை வயித்துல குத்துறது. வெளிய ஒரு ரூபா நாணயம் அளவுக்கு வட்டமா ஒரு கன்னல் மட்டும் இருக்கும். பிள்ளை எழுந்து நடந்து வீட்டுக்கு வரும், சாப்பிடும், தூங்கும். உள்ள கணையமோ, கல்லீரலோ, மண்ணீரலோ கிழிஞ்சிருக்கலாம். ஒரு நாள் ரெண்டு நாள் கழிச்சு வாந்தி, வயித்துவலி. அப்போ வந்து ‘ஏதோ சாப்பாடு ஒத்துக்கல’ன்னு சொல்வாங்க, சைக்கிள்ல விழுந்ததையே சொல்ல மாட்டாங்க. ஹேண்டில்பார்ல வயிறு குத்துச்சுன்னா அன்னிக்கே காட்டுங்க. முனைல இருக்குற ரப்பர் மூடி தேய்ஞ்சு இரும்பு தெரிஞ்சா உடனே மாத்துங்க. தலைல அடிபட்டு, நல்லாப் பேசிட்டு, சில மணி நேரம் கழிச்சு மயங்குறது எல்லா சினிமாலயும் வருது, நிஜத்துலயும் வரும். ஹெல்மெட் போடுங்க. ஆனா ஹெல்மெட் பத்தி மட்டுமே பேசிட்டு டயரை விட்டுடாதீங்க. ஹெல்மெட் விழுந்த பிறகுதான் வேலை செய்யும், கணையத்துக்கு ஹெல்மெட் கிடையாது.

வெடிச்ச நொடில என்ன பண்றது? திருப்பாதீங்க, நேராப் போங்க. உடம்பு எடையைப் பின்னாடி தள்ளுங்க. முன் டயர் போயிருந்தா முன் பிரேக்கைத் தொடாதீங்க, பின் பிரேக்கை மெதுவாப் புடிங்க. இதுக்கு எந்தக் கை எந்த பிரேக்னு யோசிக்காமத் தெரிஞ்சிருக்கணும். சில சைக்கிள்ல வலது கை முன் பிரேக், சிலதுல இடது. கடன் வாங்கின சைக்கிள்னா ஏறுறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துக்கங்க.

வீட்டுல ஒரு சோதனை பண்ணலாம். முழுசாக் காத்தை இறக்கிட்டு, டயர் ஓரத்தைக் கட்டைவிரலால நடுப்பள்ளத்துக்குத் தள்ளிப் பாருங்க. டியூப் டயர்ல பெரும்பாலும் லேசா விழும். விழுந்ததோட நிக்காம, கையால இழுத்தாலே விளிம்பைத் தாண்டி முழுசா வெளிய வந்துடுச்சுன்னா, ரோட்டுலயும் அப்படித்தான் வரும். இறுக்கமான ஜோடியாத் தேடுங்க. மாட்டுறது கஷ்டமா இருக்குன்னு கடைக்காரர் அலுத்துக்கிட்டா சந்தோஷப்படுங்க.

தயாரிப்பாளர்கள்கிட்ட நான் கேக்குறது ஒண்ணுதான். காருக்குக் கேட்டதை சைக்கிளுக்கும் கேளுங்க: காத்து போன டயர், வண்டி நிக்கிற வரைக்கும் ரிம்ல இருக்கணும். 97 வேண்டாம், 40-ல காட்டுங்க. எத்தனை கிராம் குறைச்சோம், எத்தனை வாட் மிச்சம்னு டப்பால அச்சடிக்கத் தெரியுது, இதையும் அச்சடிங்க.

கேஷுவாலிட்டி தம்பி தங்கச்சிங்களுக்கு: அடுத்த தடவை ‘செல்ஃப் ஃபால்’னு எழுதிட்டுப் பேனாவை மூடுறதுக்கு முன்னாடி, ‘டயர் என்ன ஆச்சு?’ன்னு ஒரு கேள்வி கேளுங்க. பதிலை ஒரு வரி எழுதுங்க. அரை நிமிஷம் ஆகாது.

விழுந்தவங்க வீட்டு ஆட்களுக்கு: சைக்கிளைக் கடைல விட்டு டியூபை மாத்தி, பழசைத் தூக்கிப் போட்டுடாதீங்க. முதல்ல சக்கரத்தை ஃபோட்டோ எடுங்க, டயர் ரிம்ல இருக்கா வெளிய இருக்கான்னு தெரியுற மாதிரி. அப்புறம் அந்த டியூபுக்கு ஒரு போஸ்ட்மார்ட்டம் பண்ணுங்க. பக்கத்துப் பக்கத்துல பாம்பு கடிச்ச மாதிரி ரெண்டு ஓட்டைன்னா காத்து குறைவு, குழில ரிம் குத்தியிருக்கு. ரிம் பக்கமா, உள் வட்டத்துல ஓட்டைன்னா ரிம் டேப் விலகி போக்ஸ் முனை குத்தியிருக்கு. வெளிப்பக்கம் ஒரே ஓட்டைன்னா ஆணி, முள்ளு, டயருக்குள்ள கை விட்டுத் தேடுங்க, இன்னும் அங்கயே இருக்கும். ஒரு சாண் நீளத்துக்கு வாய் பிளந்த மாதிரி கிழிசல்னா டயர் ஓரம் ரிம்மை விட்டு வெளிய வந்து டியூப் பிதுங்கியிருக்கு. அந்த டியூபை ஒரு கவர்ல போட்டு டாக்டர்கிட்ட எடுத்துட்டுப் போய், கேஸ் ஷீட்டுல எழுதச் சொல்லுங்க.